நான் திருப்பிக் கொடுக்காத அரிசி

ஆண்டவருக்குக் கொடுப்பதைப் பற்றி யாராவது இனிமையாகப் பேசத் தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகிவிடும். நான் கோயிலை விட்டுப் போனவள் அல்ல. ஞாயிறு தவறாமல் போகிறேன், காணிக்கைப் பை வரும்போது முடிந்ததைப் போடுகிறேன், பாட்டும் பாடுகிறேன். ஆனால் கொடுக்கிறவர்களுக்கு ஆண்டவர் ஒரு குறையும் வைக்கமாட்டார் என்று பீடத்திலிருந்து ஒருவர் சொல்லும்போது எழுந்து நின்று, நீங்கள் எந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து இதைச் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்போல இருக்கும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். எழுதும்போதாவது மூடிக்கொள்ளப் போவதில்லை.

அப்போது எனக்கு இருபது வயது. இரண்டாம் உலக யுத்த காலம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா, நான், பத்து வயதுத் தங்கச்சி, மூன்று பேர்தான். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். காலையில் ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டும். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

அந்த வருடம் தங்கச்சிக்கு நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபாய்டு, வந்தது. பெரியாஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்து, தலைமயிர் கொட்டி, கால் இரண்டும் ஈர்க்குச்சியாகத் திரும்பி வந்தாள். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி மருந்து சாப்பாடுதான் என்றார். குழைய வடித்த சோறும் கஞ்சியும் மட்டும் கொடுக்க வேண்டும், ரொட்டி, பிட்டு, குரக்கன் என்கிற கேழ்வரகு எதுவும் வயிற்றுக்குள் போகக் கூடாது, குடல் புண் ஆறவில்லை, மெலிந்துபோனால் காய்ச்சல் திரும்பவும் வரும், வந்தால் இந்த உடம்பு தாங்காது என்று சொன்னார்.

அரிசியோ கூப்பனுக்குத்தான். கிழமைக்குக் கிழமை அளவு குறைந்துகொண்டே போனது. மிச்சத்துக்குக் கோதுமை மா. நான் கூட்டுறவுக் கடையில் வரிசையில் நின்று முன்னால் போய்ச் சேரும்போது சில நாள் மனேஜர், "ஹால் இவரய் மிஸ்," என்று சிங்களத்தில் சொல்லிக் கையை விரிப்பான். அரிசி முடிந்துவிட்டது, நாளைக்கு வா என்று அர்த்தம். அம்மாவும் நானும் சோற்றை விட்டுவிட்டோம். மூன்று பேருடைய அரிசியையும் தங்கச்சிக்கு வைத்தோம். அப்படி வைத்தும் கிழமைக் கடைசியில் பானை வெறுமையாகும். காய்ச்சல் விட்ட பிள்ளைக்குப் பசி எப்படி எடுக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கஞ்சிக் கோப்பையை விரலால் வழித்து நக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கோ அக்கா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, "இல்லாட்டிப் பரவாயில்லை," என்று அவளே சொல்லுவாள்.

இதற்குள் பிடியரிசி என்று ஒன்று இருந்தது.

எங்கள் சபையில் அது யாழ்ப்பாணத்திலிருந்து கூடவே வந்த வழக்கம். உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி ஆண்டவருக்கென்று வேறாக வைப்பாள். மாதர் சங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம் போட்ட ஒரு வெள்ளைத் துணிப்பை கொடுத்திருந்தது. எங்களுடையது பதினேழு. அறுப்புப் பண்டிகை அன்று பைகளின் வாயைத் தைத்துக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்து வளவில் ஏலம் நடக்கும். பலாப்பழம், கோழி, கேக், முட்டை எல்லாவற்றோடும் பிடியரிசியும் ஏலம் போகும். பணம் சபைக்கு.

தங்கச்சிக்குக் கஞ்சி வைக்கும்போதும் அம்மா பிடி எடுத்தார். மூன்று பிடி அரிசி போட வேண்டிய இடத்தில் இரண்டு பிடி உலைக்கு, ஒரு பிடி பைக்கு. நான் முதலில் கெஞ்சினேன், பிறகு சண்டை பிடித்தேன்.

"அம்மா, இவள் எழும்பி நடக்குமட்டும் விடுங்கோ. பிறகு ரெண்டு மடங்காய் எடுத்து வையுங்கோ."

"அதுக்கு மட்டும் கை வைக்காதை பிள்ளை."

"பிள்ளை பசியில கிடக்கிறாளே."

"எனக்கு மட்டும் தெரியாதோ?" என்று அம்மா சொன்னார். அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றிலும் நான் சொன்னதைக் கேட்கிற மனுசி. வாடகை, விறகு, கூப்பன் எல்லாம் என் பொறுப்பு. இதில் மட்டும் கல்லாக இருந்தார். அவருக்குப் பெற்ற பிள்ளையில் இரக்கமில்லையோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

புதன்கிழமை பின்னேரங்களில் போதகர் ஒரு கூட்டம் வைத்தார். வாசலில் ஒரு பெட்டி இருக்கும். விசுவாசத்தைப் பற்றியும் காணிக்கையைப் பற்றியும் மனதில் உள்ள சந்தேகத்தைப் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். அவர் ஒவ்வொன்றாக வாசித்துப் பதில் சொல்லுவார். நல்ல குரல், நகைச்சுவையும் உண்டு. தசமபாகத்தை வாடகை கழித்த சம்பளத்தில் கணக்குப் பார்ப்பதா, கழிக்காத சம்பளத்திலா என்று ஒருவர் கேட்டிருந்தார். "ஆண்டவர் உமக்கு மழையைக் கழிச்சோ தாறார்?" என்றார் போதகர். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஒழுங்காகக் கொடுத்தும் வியாபாரம் ஏன் படுத்துவிட்டது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்திருப்பீர், மனதைச் சோதித்துப் பாரும் என்று பதில் வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பதில்களின் சூது பிடிபட்டது. நல்லது நடந்தால் கொடுத்ததனால் நடந்தது. கெட்டது நடந்தால் கொடுத்தவன் மனம் சரியில்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் வென்றது அந்தப் பதில்தான்.

இருந்தும் நான் ஒரு துண்டு எழுதிப் போட்டேன். வீட்டில் நோயாளிப் பிள்ளைக்குச் சோறு போதாதபோதும் பிடியரிசி எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தேன். அம்மாவுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. போதகர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மா கேட்டிருப்பார்.

அவர் துண்டைச் சத்தமாக வாசித்து மடித்து வைத்தார். பிறகு பஞ்ச காலத்தில் தன் கடைசி மாவை எடுத்துத் தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்த விதவையின் கதையைச் சொன்னார். அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்தது, அவள் கணக்குப் பார்க்கவில்லை, அவளுடைய பானையில் மா குறையவில்லை, நம்முடைய பானை குறைகிறதென்றால் குறைவது அரிசியல்ல, விசுவாசம் என்று முடித்தார். பெண்கள் பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நான் மனதுக்குள் அவருக்குப் பதில் சொன்னேன். அந்த விதவையின் வீட்டில் தீர்க்கதரிசி தானும் தங்கினார், அவள் கையால் அவளோடு சேர்ந்து சாப்பிட்டார், பானை அவளுடைய பிள்ளைக்குத்தான் நிறைந்தது. எங்கள் அரிசி யாருடைய பிள்ளைக்குப் போகிறது?

வீட்டுக்கு நடந்து போகும்போது அம்மா கேட்டார்: "அது நீதானே எழுதினது?"

"ஓம்."

"இனி எழுதாதை."

அடுத்த நாள் காலையில் பார்த்தேன். அம்மாவின் பிடி முன்னையைவிடப் பெரிதாக இருந்தது.

அரிசி யாருக்குப் போகிறது என்று சபையில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. யுத்தத்துக்கு முன் பிடியரிசி ஏலம் ஒரு விளையாட்டு. கடையில் அரிசி மலிந்து கிடந்த காலத்தில் அதை ஏலத்தில் எடுப்பவர் ஆண்டவருக்கென்று விலை கூட்டி எடுப்பார். எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் சபையில் பெரிய மரியாதை. ஒரு கேக்கை ஒருவர் எடுத்து, "சபைக்கே திரும்ப," என்பார், அது மறுபடி ஏலம் போகும், நாலு பேர் கை மாறி நாலு முறை பணம் வரும். கூப்பன் வந்த பிறகு கேக்கும் கோழியும் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தன. அரிசி மட்டும் திரும்பவில்லை. சபைப் பொருளாளருக்குக் கொள்ளுப்பிட்டியில் பெரிய வியாபாரக் கந்தோர். போன வருடம் பிடியரிசிப் பைகளில் பாதியை அவரே எடுத்துக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். கூப்பன் இல்லாமல் அரிசி விற்றால் கடைக்காரனைப் பொலிஸ் பிடிக்கும். கோயில் வளவில் விற்றால் அதற்குப் பெயர் காணிக்கை. எங்களைப்போல ரொட்டி தின்று பிடி எடுத்து வைத்தவர்களின் அரிசி, வெள்ளைத் துணிப் பையில், ஸ்தோத்திரத்தோடு, சோற்றுக்குக் குறைவில்லாத வீட்டுக்குப் போனது. எங்கள் சபையில் திருடர் யாரும் இருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். எல்லாரும் ஜெபித்துக்கொண்டே செய்தார்கள்.

பண்டிகை நாளில் தங்கச்சியை முன்வீட்டு மனுசியிடம் விட்டுவிட்டு அம்மாவும் நானும் போனோம். அதற்கு முதல் நாள்தான் சம்பளம் எடுத்திருந்தேன். முப்பது ரூபாய். அது முழுக்கக் கைப்பையில் இருந்தது. என்ன செய்யப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர்தான் ஏலம் கூறுவார். பதினேழாம் பையை அவர் தூக்கியதும் பொருளாளர் வழக்கம்போல இரண்டு ரூபாய் என்றார். நான் மூன்று என்றேன். தலைகள் திரும்பின. அவர் நாலு என்றார். நான் ஐந்து. அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து ஆறு என்றார், பத்து என்றேன். எனக்கு நிதானம் போய்விட்டது. அவர் பன்னிரண்டு என்றார், நான் பதினைந்து என்றேன். அவர் கையை உயர்த்தி விட்டுக்கொடுத்தார். என் பக்தியை மெச்சி விட்டுக்கொடுத்தார் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. வளவில் கைதட்டல் எழுந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் பையை என் கையில் தரவில்லை. அதை இன்னும் உயரத் தூக்கினார்.

"பாருங்கோ, தகப்பனில்லாத பிள்ளை. பதினைஞ்சு ரூபாய்க்கு எடுத்து ஆண்டவருக்கே திருப்பிக் குடுக்குது. சபைக்கே திரும்ப! ஆர் கேக்கிறியள்?"

பாதிச் சம்பளத்தை ஒரு பை அரிசிக்குக் கொடுக்கிற டீச்சர் அதை வீட்டுக்குக் கொண்டுபோவாள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. நல்ல மனுசன், வேண்டுமென்று செய்யவில்லை. பொருளாளர் மறுபடியும் இரண்டு ரூபாய் என்றார்.

"நான் திருப்பிக் குடுக்கேல்லை," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லைபோல. எழுந்து நின்று இன்னொரு முறை சொன்னேன். போதகர் தன் கதிரையிலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன பிள்ளை?"

"அது எனக்கு வேணும் ஐயா. தங்கச்சிக்குக் கஞ்சி காய்ச்ச."

அப்போது பொருளாளர் மிக அன்பாக ஒன்று சொன்னார்: "அரிசி இல்லையெண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே பிள்ளை. நாங்கள் தந்திருப்பமே."

எங்கள் அரிசியை எங்களுக்கே தருமமாகத் தந்திருப்பார். நான் ஒரு நன்றிக் கடிதமும் எழுதியிருக்க வேண்டும். பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் பையை ஸ்டேஷன் மாஸ்டரின் கையிலிருந்து இழுத்து எடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது பெண்கள் பக்கத்தில் அம்மாவின் இடம் காலியாக இருந்தது.

வீட்டில் அம்மா அடுப்படியில் குந்தியிருந்தார். நான் பையை முன்னால் வைத்தேன். அதை அவர் தொடவில்லை.

"அது ஆண்டவருக்குக் குடுத்தது."

"காசு குடுத்து எடுத்தது அம்மா. பதினைஞ்சு ரூபாய். ஆண்டவருக்குச் சேர வேண்டியது சேர்ந்திட்டுது."

"நான் இதை உலையில போட மாட்டன். நீயும் போடக் கூடாது."

எனக்கு அடக்க முடியவில்லை. இவள் செத்தால்தான் உங்களுக்கு விளங்குமோ என்று கத்திவிட்டேன். பக்கத்து அறையில் தங்கச்சி படுத்திருக்கிறாள் என்பதைக்கூட மறந்துபோனேன். அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அப்பா படுத்த மாசம் நான் பிடி எடுக்கேல்லை."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"ஆஸ்பத்திரியும் வீடுமாய்த் திரிஞ்சன். சமைச்சதே குறைவு. சமைச்ச நாளிலயும் மறந்து போனன். ஒரு மாசம் பை வெறுமையாய்க் கிடந்தது. அந்த மாசம்தான் அவர் போனவர்."

"ஆரம்மா உங்களுக்கு இப்பிடிச் சொன்னது?"

வீடுவீடாகப் போய் வேதம் வாசிக்கும் ஒரு ஊழியக்காரி சபையில் இருந்தார். அப்பா இறந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, வெறும் பையைக் கண்டு, ஆண்டவருடைய பங்கைப் பிடித்து வைத்தால் அவர் வேறு வழியில் எடுத்துக்கொள்ளுவார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா அதை இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். யாரிடமும் என்றால், ஒருவரைத் தவிர.

"போதகரிட்டைக் கேட்டனான்," என்றார். "அப்பிடித்தானோ ஐயா எண்டு கேட்டனான். அவர் ஓம் எண்டு சொல்லேல்லை. இல்லையெண்டும் சொல்லேல்லை. ஆண்டவருடைய வழி எங்களுக்குத் தெரியாது, இனிமேல் தவறவிடாதேங்கோ எண்டார்."

அம்மாவின் கல் மனதுக்கு அர்த்தம் அப்போதுதான் தெரிந்தது. புருசனை ஒரு பிடி அரிசிக்குக் கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளையையும் அப்படிக் கொன்றுவிடக் கூடாதென்று, பசித்த பிள்ளையின் உலையிலிருந்தே அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்.

நான் நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பாட்டு மேசையில் இருந்தார். சாப்பாட்டுக் கோப்பையில் குரக்கன் பிட்டும் சம்பலும். பிடியரிசியில் ஒரு மணிகூட அந்த வீட்டுக்கு வரவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்து எனக்குக் கோபம் தணியவில்லை, கூடிவிட்டது. பசி என்னவென்று தெரிந்த மனுசன்.

"ஐயா, அம்மா பிடியரிசி எடுக்காததாலதான் அப்பா செத்தவரோ?"

அவர் கையைக் கழுவினார். "அப்பிடி நான் சொல்லேல்லையே பிள்ளை."

"இல்லையெண்டும் சொல்லேல்லை."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கோப்பையை ஒதுக்கி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் அன்பால குடுக்கிறேல்லை பிள்ளை. கொஞ்சம் பயத்தாலயும் குடுக்கினம். பயப்படாதேங்கோ எண்டு நான் பீடத்தில நிண்டு சொன்னால், பள்ளிக்கூடக் கூரைக்கும் அநாதைப் பிள்ளையளுக்கும் நான் எங்க போறது?"

இப்படி வெளிப்படையாக ஒரு பதிலை அவர் எந்தப் புதன்கிழமையும் சொன்னதில்லை. அதற்காக அவரைக் கொஞ்சம் மதிக்கிறேன். மன்னிக்கவில்லை.

"எனக்குச் சொல்ல வேண்டாம். வந்து அம்மாவுக்குச் சொல்லுங்கோ. கூரையைப் பற்றி அல்ல. அப்பாவைப் பற்றி."

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா அவரைக் கண்டதும் எழுந்து, நான் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மா, உங்கட அவர் செத்தது நோயால. உங்கட கையில ஒரு பிழையும் இல்லை. பிடியரிசிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆண்டவர் அப்பிடிச் செய்யிறவர் இல்லை."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை. போதகருக்கு முன்னால் குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசாத மனுசி அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"ரெண்டு வருசம் ஐயா," என்றார். "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

அம்மா அவரை இருக்கச் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பையின் தையலைப் பிரித்து, அரிசி முழுவதையும் சட்டியில் கொட்டி, கல்லரிக்கத் தொடங்கினார்.